வீடு, வண்டி, சமையல், மின்கட்டணம்: மாதச் செலவில் முதலில் எதைக் குறைப்பது?

சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்விதான் வருகிறது. சம்பளம் இப்போதைக்கு உயராது. மாதம் ஐந்தாயிரமாவது கூடுதலாக மிச்சம் பிடிக்க வேண்டும். அதற்கு வாடகை குறைவான புறநகருக்குப் போய்விடலாமா, காரைக் கொடுத்துவிட்டுப் பேருந்திலும் ரயிலிலும் போகலாமா, வெளிச்சாப்பாட்டை நிறுத்தலாமா, கரண்ட் பில்லைக் குறைக்க வழி பார்க்கலாமா? எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்குகிறவர்கள் மூன்றாவது மாதத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதற்கு ஒரு வரிசை தேவைப்படுகிறது.

கணக்குக்காக ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 25,000 ரூபாய். ஒருவருக்குக் கிண்டியில் வேலை, மற்றவருக்கு நுங்கம்பாக்கத்தில். பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று. கீழே வரும் தொகைகள் இந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்துப் போட்ட மாதிரிக் கணக்குகள்தான். உங்கள் வீட்டுத் தொகைகளை அந்த இடங்களில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எல்லாப் பிடித்தமும் போக மாதக் கடைசியில் உண்மையில் கையில் நிற்கும் தொகை. இரண்டாவது, அந்தச் சிக்கனத்தைத் தொடங்குவதற்கே ஆகும் செலவு. மூன்றாவது, சரிப்பட்டு வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது எவ்வளவு எளிது என்பது.

நான்காவது அளவுகோலைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை: மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு வீட்டில் யாருடைய நேரமும் உடலுழைப்பும் விலையாகப் போகின்றன? ‘வீட்டிலேயே சமைத்துவிடலாம்’ என்று முடிவெடுப்பவர் ஒருவராகவும், ஏழரை மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைப்பவர் இன்னொருவராகவும் இருக்கும் வீட்டில் அந்தச் சிக்கனம் நிலைக்காது, நிலைத்தாலும் நியாயமாகாது.

ஐந்தாவதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு சிக்கனத்தை எத்தனை முறை புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது? காரை விற்பது ஒருமுறை எடுக்கும் முடிவு. இன்று வெளியே வாங்கக் கூடாது என்பது ஒவ்வொரு மாலையும், அதுவும் களைத்துப்போன நேரத்தில், எடுக்க வேண்டிய முடிவு. தொகை சமமாக இருந்தால் ஒருமுறை முடிவையே முதலில் எடுக்க வேண்டும். தொகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே எடுக்கலாம்.

வாடகை குறைவான இடத்துக்கு மாறுவது

தொகையில் பெரியதாகத் தெரிவது இதுதான். தாம்பரத்துக்கு அப்பால் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று புறநகர் ரயில் பாதையை ஒட்டியே ஊர்கள் வளர்ந்திருக்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பகுதிகளில் வீடு தேடுவோரும் கூடியிருக்கிறார்கள். நம் மாதிரிக் குடும்பம் கூடுவாஞ்சேரியில் 13,000 ரூபாய்க்கு வீடு பிடிக்கிறது என்று கொள்வோம். மாதம் 12,000 ரூபாய் மிச்சம் என்ற எண்ணம் உடனே எழும். அந்தத் தொகை அப்படியே கைக்கு வருவதில்லை.

முதலில் தொடக்கச் செலவு. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, 13,000. பழைய வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கவென்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே எழுதப்படாத விதி, அது 25,000. வண்டிக்கும் ஏற்றி இறக்குவதற்கும் 10,000. ஆக 48,000 ரூபாய். அட்வான்ஸைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொன்னாலும், ஆறு மாதமும் பத்து மாதமும் கேட்பது இன்னும் நின்றபாடில்லை. ஆறு மாதக் கணக்கில் பார்த்தால் 1,50,000இல் பெயின்டுக்குப் பிடித்த 25,000 போக 1,25,000 திரும்ப வந்து, 78,000 புது வீட்டுக்குப் போகும். மீதி 47,000 விடுபடும். இது நல்ல செய்திதான். ஆனால் பழைய அட்வான்ஸ் கைக்கு வருமுன் புதிய அட்வான்ஸைக் கட்டியாக வேண்டும். அடுத்த குடித்தனக்காரர் வரும்வரை தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. அந்த இடைவெளியை கிரெடிட் கார்டால் நிரப்பினால், மாதம் மூன்று சதவீதத்தை ஒட்டிய வட்டியில், சிக்கனம் தொடங்குமுன்பே கடன் தொடங்கிவிடும்.

அடுத்து, மாதாமாதம் கசியும் தொகை. ரயில் மலிவு, இருவரின் மாதச் சீசன் டிக்கெட்டும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் தலைக்கு 20 ரூபாய் வீதம் இருவரும் தினமும் போய்வந்தால், 25 நாளுக்கு 2,000 ஆகிறது. சீசன் டிக்கெட்டையும் சேர்த்து 2,500 என்று வைக்கலாம். வருமான வரியில் பழைய வரிமுறையில் இருந்துகொண்டு வீட்டு வாடகைப் படிக்கு விலக்குப் பெறுபவராகவும், அந்த விலக்கு கட்டும் வாடகையை வைத்தே முடிவாகும் நிலையில் உள்ளவராகவும் இருந்தால், வாடகை 12,000 குறையும்போது விலக்கும் 12,000 குறையும். 20 சதவீத வரி வரம்பில், வரிமேல் விதிக்கும் செஸ்ஸுடன், ஏறத்தாழ 2,500 ரூபாய் கூடுதல் வரி. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே இல்லை என்பதால் இந்த இழப்பும் இல்லை.

ஆக, பழைய வரிமுறைக்காரருக்குக் கையில் நிற்பது 7,000. தொடக்கச் செலவான 48,000 ரூபாயை மீட்கவே ஏழு மாதம் ஆகும். அதாவது, பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடிபோய், அது முடிந்ததும் பிடிக்கவில்லை என்று திரும்பி வருகிறவருக்கு நான்கு மாத மிச்சமும் மறுபடி ஒரு வீடு மாறும் செலவும்தான் மீதி.

நேரத்தையும் பார்க்க வேண்டும். வேளச்சேரியிலிருந்து போய்வருவதைவிட ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுகிறது என்றால், இருவருக்கும் மாதம் 75 மணி நேரம். 7,000 ரூபாயை 75ஆல் வகுத்தால் மணிக்கு 93 ரூபாய் வருகிறது. அந்த விலைக்கு உங்கள் நேரத்தைக் கொடுக்கச் சம்மதமா என்பதுதான் உண்மையான கேள்வி. சிலருக்கு நிச்சயம் சம்மதமாக இருக்கும். ரயிலில் உட்கார இடம் கிடைத்துப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவரும் இருக்கிறார். ஆனால் பெற்றோர் இருவரும் இரவு எட்டு மணிக்கு வீடு சேரும் குடும்பத்தில், பள்ளி விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கும். அதற்கு மாதம் மூவாயிரம் போனால் மிச்சம் நாலாயிரமாகச் சுருங்கிவிடும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், இருவரில் ஒருவராவது வீட்டிலிருந்து வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும்; அல்லது இருவரின் அலுவலகமும் கடற்கரை–செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டி இருக்க, வீட்டில் தாத்தா பாட்டி இருக்க வேண்டும். மூன்று ஆண்டாவது அங்கேயே இருப்போம் என்ற உறுதியும் வேண்டும். புது வீட்டில் நிலத்தடி நீர் எப்படி, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட மாடியில் குடியிருப்பவரிடம் கேட்பது நல்லது.

காரை விற்பது, இருசக்கர வண்டியை விடுவது

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். கணக்கு போட்டால் இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் என்பது தெரியும்.

நாளுக்கு 30 கிலோமீட்டர் வீதம் மாதம் 750 கிலோமீட்டர் ஓடும் கார், நகர நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தால், லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் பெட்ரோலுக்கே சுமார் 5,800 ரூபாய். காப்பீடும் சர்வீஸும் ஆண்டுக்கு 22,000 என்றால் மாதம் 1,800. இவை கண்ணுக்குத் தெரிபவை. காரின் மதிப்பு ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டிக் குறைந்துகொண்டே போவதை எந்தப் பில்லும் காட்டுவதில்லை. அதை மாதம் 4,000 என்று சேர்த்தால் மொத்தம் 11,600. கடன் தவணை இருந்தால் அதன் வட்டி தனி.

இதற்கு மாற்றாக, மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதாந்திரப் பாஸ் இருக்கிறது. ஏசி அல்லாத பேருந்துகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்து 2,000 ரூபாய்ப் பாஸ் 2025இல் வந்தது. கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்குக் கிளம்பும் இரவுகளுக்கும் வாடகைக் காரும் ஆட்டோவும் என்று தாராளமாகவே மாதம் 3,000 ஒதுக்கினாலும் கையில் நிற்பது ஏறக்குறைய 7,500 ரூபாய். பழைய வரிமுறைக்காரருக்கு வீடு மாறுவதில் கிடைத்ததைவிட இது சற்று அதிகம். தொடக்கச் செலவு இல்லை. விற்ற பணம் வேறு மொத்தமாகக் கைக்கு வருகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பலர் காரை விற்பதில்லை. ‘வாரக் கடைசியில் மட்டும் எடுப்போம்’ என்று நிறுத்திவைக்கிறார்கள். அப்போது குறைவது பெட்ரோல் மட்டும்தான். காப்பீடு ஓடுகிறது, மதிப்பு குறைகிறது, நின்ற இடத்திலேயே பேட்டரி தீர்ந்துபோகிறது. கார்ச் செலவில் பாதி அது ஓடாவிட்டாலும் ஆகிற செலவு என்பதால், விற்றால் முழு மிச்சம், நிறுத்திவைத்தால் பாதி மிச்சமும் இல்லை. நடக்க முடியாத முதியவரோ, அடிக்கடி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியவரோ வீட்டில் இருந்தால் இந்த வாதம் செல்லாது. அந்த வீட்டில் கார் ஆடம்பரத்தில் சேராது.

இருசக்கர வண்டியின் கணக்கு வேறு. அதே 750 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் வீதம் 1,700 ரூபாய்ப் பெட்ரோல். ஆயில், டயர், காப்பீடு என்று 500. மொத்தம் 2,200. பேருந்துப் பாஸுக்கு மாறினால் மிச்சம் 1,200 மட்டுமே. அதற்காகப் பிள்ளையைப் பள்ளியில் விடுவதையும், காய்கறி வாங்கிவருவதையும், மழை நாளில் நினைத்த நேரத்துக்குக் கிளம்புவதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என் கருத்தில் இது நல்ல பேரம் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், வீட்டில் இரண்டு ஸ்கூட்டர் இருந்து, மனைவியின் அலுவலகத் தடத்தில் அந்தப் பேருந்துகள் அடிக்கடி வருமானால், ஒன்றை விற்று முழு 2,200 ரூபாயையும் மிச்சப்படுத்தலாம். ஒரு வாரம் அந்தத் தடத்தில் போய்ப் பார்க்காமல் விற்றுவிட வேண்டாம்.

மெட்ரோ ரயில் வசதியானது. ஒரு பயணத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை ஆவதால், நீண்ட தூரத்துக்கு இருவேளையும் போகிறவருக்கு இருசக்கர வண்டியை ஒட்டிய செலவோ அதற்கும் மேலோ ஆகும். காருக்கு மாற்றாக அது நல்லது. பணத்தை மட்டும் பார்த்தால் ஸ்கூட்டருக்கு மாற்றாகாது.

வெளிச்சாப்பாட்டைக் குறைப்பது

வாரம் மூன்று இரவு, உணவு விநியோகச் செயலி வழியாக ஒவ்வொரு முறையும் 450 ரூபாய்க்கு வரவழைத்தால் மாதம் பதின்மூன்று முறை, 5,850 ரூபாய். அதே சாப்பாட்டை வீட்டில் 150 ரூபாயில் முடித்தால் 3,900 மிச்சம். ஏட்டளவில் இது சரிதான். ஆனால் ஐந்தாவது அளவுகோலில் இந்த வழி மிகவும் பின்தங்குகிறது; மாதத்தில் பதின்மூன்று முறை, பசியும் களைப்பும் கூடிய நேரத்தில், அதே தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

ஆகவே முழுக்க நிறுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. மூன்றில் இரண்டை மட்டும் வீட்டுக்கு மாற்றினால் 2,600 ரூபாய் நிற்கும், ஒரு நாள் ஓய்வும் மிஞ்சும். அந்த இரண்டு நாளும் யார் சமைப்பது என்பதைப் பெயரோடு முடிவு செய்துகொள்ள வேண்டும். அரைத்த மாவும் முன்தின இரவே நறுக்கிவைத்த காயும் இருந்தால் தோசைக்கோ உப்புமாவுக்கோ இருபது நிமிடம் போதும் என்பது சமைக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாதது. தெரியாதவர் அந்த இரண்டில் ஒரு நாளை ஏற்றுக்கொண்டு கற்றுக்கொள்வதுதான் முறை.

இடைப்பட்ட வழி ஒன்றும் இருக்கிறது. செயலியில் காட்டும் விலை பெரும்பாலும் கடையின் கல்லாவில் வாங்கும் விலையைவிடக் கூடுதல். அதன்மேல் விநியோகக் கட்டணம், தளக் கட்டணம், பேக்கிங் என்று சேர்கின்றன. தெருமுனை மெஸ்ஸுக்குப் பாத்திரத்தோடு நடந்துபோய் வாங்கிவந்தால், சமைக்காமலேயே நல்லதொரு பகுதி மிச்சமாகும். இருவருக்குமே சமைக்க நேரமில்லாத குடும்பத்துக்கு இதுவே சரியான வழி.

கோயம்பேடு சந்தைக்குப் போய் மொத்தமாகக் காய் வாங்குவதைப் பலர் யோசனையாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களும், நாலைந்து வீடு சேர்ந்து பிரித்துக்கொள்பவர்களும் செய்யலாம். தனிக் குடும்பம் வேளச்சேரியிலிருந்து போனால் மிச்சமெல்லாம் பெட்ரோலிலும் அழுகிய தக்காளியிலும் போய்விடும்.

மின்கட்டணம்

தொகையில் சிறியது, ஆனாலும் வரிசையில் இதற்கு முன்னிடம் கொடுக்கிறேன், ஏனென்றால் யாருடைய நேரத்தையும் இது கேட்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. கவனிக்க வேண்டியது 500 என்ற எல்லை. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதோடு நிற்காமல், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடுகிறது. இதனால் 501ஆவது யூனிட் ஒன்றே பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏற்றுகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி, 540 யூனிட் ஓடும் வீடு 480க்கு இறங்கினால் ஏறத்தாழ 700 ரூபாய் குறையும். 400இலிருந்து 340க்கு இறங்கும் வீட்டுக்கு அதே அறுபது யூனிட்டில் முந்நூறு ரூபாய்கூடக் குறையாது. எனவே பழைய பில்களை எடுத்து, 500ஐச் சற்றே தாண்டும் வீடா என்று முதலில் பாருங்கள்.

பழைய மின்விசிறி 75 வாட் வரை இழுக்கும்; குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறி 30 வாட்டை ஒட்டி நிற்கும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுழலும் ஒரு விசிறியை மாற்றினாலே இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் குறையும். விலை மூவாயிரத்தை ஒட்டி வருவதால், போட்ட பணம் திரும்ப ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும். வாடகை வீட்டில் வீட்டுக்காரரின் பழைய விசிறியைப் பரணில் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது மாட்டிவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் விசிறியோடு சேர்த்து ஓட்டுவதற்குச் செலவே இல்லை.

வீட்டுக்காரர் தனியாக சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று ஒரே விலை வாங்கும் வீடுகளில் 500 யூனிட் கணக்கு பொருந்தாது. ஆனால் ஒவ்வொரு யூனிட்டும் அங்கே விலை அதிகம் என்பதால் விசிறி மாற்றுவது இன்னும் சீக்கிரம் பலன் தரும்.

ஓடிடி சந்தா, போகாத ஜிம், இரண்டாவது சிம் ஆகியவற்றை ஒரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரத்து செய்துவிடலாம். சில நூறு ரூபாய் வரும். அதற்குமேல் பேச இதில் ஒன்றும் இல்லை.

அட்டவணையாகப் பார்த்தால்

| வழி | மாதம் நிற்பது (ரூ.) | தொடக்கச் செலவு (ரூ.) | தீர்மானம் | சுமப்பவர் | திரும்பிவருதல் |
|---|---|---|---|---|---|
| புறநகருக்கு மாறுதல் (பழைய வரிமுறையில்) | 4,000–7,000 | 48,000 | ஒருமுறை | இருவரின் நேரம், பிள்ளை | கடினம் |
| காரை விற்றல் | 7,500 | இல்லை | ஒருமுறை | முதியோர் இருந்தால் அவர்கள் | நட்டத்தோடு முடியும் |
| ஸ்கூட்டரிலிருந்து பேருந்துக்கு | 1,200–2,200 | இல்லை | ஒருமுறை | பயணிப்பவர் | எளிது |
| வெளிச்சாப்பாட்டைக் குறைத்தல் | 2,600–3,900 | மிகக் குறைவு | வாரந்தோறும் | சமைப்பவர் | மிக எளிது |
| மின்கட்டணம் | 350 வரை | விசிறிக்கு 3,000 | ஒருமுறை | யாருமில்லை | தேவைப்படாது |

யார் எதை எடுப்பது

கார் இருக்கிறது, வீட்டில் நோயாளியோ முதியவரோ இல்லை என்றால், வேறு எதையும் யோசிக்குமுன் காரை விற்பதை யோசியுங்கள். ஐந்தாயிரம் என்ற இலக்கு அந்த ஒரே முடிவில் கடந்துவிடும். அதன் பிறகு இரவுச் சாப்பாட்டில் கைவைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

கார் இல்லை, ஸ்கூட்டர் மட்டும்தான் என்றால், மின்கட்டணத்தையும் சந்தாக்களையும் முதல் மாதமே முடித்துவிட்டு, வாரம் இரண்டு இரவுச் சமையலைப் பகிர்ந்துகொள்வது. மூன்றும் சேர்ந்து மூவாயிரத்தைத் தாண்டும். இலக்கின் மீதிக்கு வீடு மாறத்தான் வேண்டும் என்றால், 25,000இலிருந்து 13,000க்குத் தாவாமல், அதே பகுதியில் உள்தெருவில் 21,000க்கு வீடு கிடைக்குமா என்று பார்ப்பது மேல். வருவது நாலாயிரம்தான், பயண நேரமும் பள்ளியும் மாறாமல் இருக்கும்.

தனியாக இருப்பவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகும். பிள்ளையும் பள்ளியும் இல்லாததால் வீடு மாறுவது அவர்களுக்கு எளிது. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் வாடகையும் பயணச் செலவும் சேர்ந்தே குறையும். சமையலில் அவர்கள் மிச்சம் பிடிப்பது குறைவு. ஒருவருக்காக வாங்கும் காயும் பாலும் வீணாவதே அதிகம்.

மிச்சம் பிடித்த தொகை சம்பளம் வந்த மறுநாளே கணக்கைவிட்டு வெளியேற வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதற்கு. இல்லாவிட்டால் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு (ஆர்.டி.). அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது, மூன்று ஆண்டு முடியுமுன் மூட முடியாது. அந்தக் கட்டுப்பாடு, கையில் இருந்தால் செலவழித்துவிடுகிறவர்களுக்கு நல்லது. ஓராண்டுக்குள் வீடு மாறும் எண்ணம் உள்ளவர்கள், அட்வான்ஸுக்குப் பணம் தேவைப்படும் என்பதால், வங்கியில் குறுகிய காலத் தொடர் வைப்பாகப் போடுவது சரி.

வீடு மாறுவது என்று முடிவெடுத்தவர்கள் தை பிறந்ததும் தேடத் தொடங்கினால், பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரலுக்குள் ஒப்பந்தம் முடித்துவிடலாம். பிள்ளையின் பள்ளி ஒரு பொருட்டில்லை என்பவர்கள் ஆடியில் வீடு பார்க்கலாம். அந்த மாதத்தில் குடிபோகத் தயங்குவோர் பலர் என்பதால், வீட்டைக் காலியாக வைத்திருக்கும் உரிமையாளர் வாடகையிலோ அட்வான்ஸிலோ ஆயிரம் இரண்டாயிரம் இறங்கிவர வாய்ப்புண்டு. முன்பணம் கொடுத்து உறுதிசெய்துவிட்டு, ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.